நேரங்கெட்ட நேரம்

"நேரங்கெட்ட நேரத்துல" என்ற தொடரை எங்கள் பக்கத்தில் ஆண்களைப் பற்றிச் சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை. ஆண் நள்ளிரவில் வீடு திரும்பினால் லேட்டாக வந்தான் என்பார்கள். பெண் ஒன்பதரை மணிப் பேருந்தில் வந்து இறங்கினால் நேரமே கெட்டுப்போய்விடும். இந்தத் தொடர் இப்போது கைபேசிக்குள்ளும் குடிபுகுந்துவிட்டது. "இந்நேரத்துக்கு எவன் மெசேஜ் போடறான்?" என்று கேட்கப்படாத வீடு தொண்டூரில் உண்டா என்று தெரியவில்லை. செஞ்சியிலும் அப்படித்தான், சென்னையிலும் அப்படித்தான். சென்னையில் கேள்வியைக் கொஞ்சம் நாசூக்காகக் கேட்பார்கள்.

காலையில் சீக்கிரமாகவோ இரவில் தாமதமாகவோ ஒருவருக்குச் செய்தி அனுப்பலாமா என்பது பற்றி இன்று ஏராளமான அறிவுரைகள் கிடைக்கின்றன. வார இதழ்களின் இணைப்புகளிலும் நாளிதழ்களின் ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்களிலும் "வாட்ஸ்அப் நாகரிகம்" என்ற தலைப்பில் வருகின்றன. காலை எட்டு மணிக்கு முன் அனுப்பாதீர்கள், இரவு ஒன்பதுக்குப் பின் அனுப்பாதீர்கள், அவசரமென்றால் அழைத்துப் பேசுங்கள், பதில் வராவிட்டால் பொறுத்திருங்கள். படித்தால் மறுக்க ஒன்றுமில்லை. அந்த அறிவுரைகளைத் தொடர்ந்து படித்துவருபவள் என்ற முறையில் எனக்கு உறுத்துவது ஒன்றுதான். அவற்றில் வரும் "ஒருவர்" யார்? அவருக்கென்று ஒரு கைபேசி இருக்கிறது. தனி அறை இருக்கிறது. எட்டு மணிக்கு எழுகிறார், பகலில் வேலை செய்கிறார், ஒன்பது மணிக்கு ஓய்ந்துவிடுகிறார். நேரம் தவறி வந்த செய்தியால் அவருக்கு ஏற்படும் அதிகபட்சத் துன்பம் தூக்கம் கலைவது.

தொண்டூரில் மாடு வைத்திருக்கும் பெண் நாலரை மணிக்கு எழுகிறாள். குழாயில் தண்ணீர் விடும் நேரத்தையும் பால் சொசைட்டியில் அளக்கும் நேரத்தையும் ஒட்டித்தான் அவள் காலை நகரும். நடவோ களைவெட்டோ மல்லாட்டை பிடுங்குவதோ இருந்தால் எட்டு மணிக்கு வயலில் நிற்பாள். மாலையில் மாடு, அடுப்பு, பிள்ளைகள், மாமியாரின் மாத்திரை. பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் திண்ணையில் உட்காரும்போது இரவு பத்தாகிவிடும். அவளுக்கென்று கிடைக்கும் முதல் பொழுது அது. நாகரிகக் குறிப்புகள் "அனுப்பத் தகுந்த நேரம்" என்று சொல்லும் எட்டிலிருந்து ஒன்பது வரை அவள் கையில் சேறோ மாவோ இருக்கும். அக்காவோடும் தோழியோடும் அவள் பேசக்கூடிய ஒரே நேரத்துக்கு அநாகரிகம் என்று பெயர் வைத்திருக்கிறோம். அலுவலகத்து ஆணின் கடிகாரத்தை எல்லோர் வீட்டுச் சுவரிலும் மாட்டினால் இப்படித்தான் ஆகும்.

இன்னொன்று. தூக்கம் கலைவது மட்டுமா இழப்பு? கைபேசி வீட்டுக்கே ஒன்றாக இருக்கலாம். அல்லது கணவனின் பழைய கைபேசி அவளிடம் வந்திருக்கலாம். அதன் கடவுச்சொல் அண்ணனுக்கும் தெரிந்திருக்கலாம். இரவு பதினொரு மணிக்குத் திரை ஒளிர்ந்தால் அனுப்பியவன் எங்கோ குறட்டை விட்டுக்கொண்டிருப்பான். விளக்கம் சொல்ல வேண்டியவள் இவள். தவறு ஒருவருடையது, தண்டனை மற்றவருக்கு. இந்தக் கணக்கை எந்த நாகரிகப் பட்டியலும் எழுதியதாக நான் பார்க்கவில்லை. என் மாணவிகள் இதற்குத் தாங்களாகவே வழி கண்டிருக்கிறார்கள். உடன் படிக்கும் பையனின் எண்ணைக் "கேஸ் புக்கிங்" என்று பதிந்து வைத்திருப்பார்கள். அவன் காதலனாக இருக்க வேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் நோட்ஸ் அனுப்புகிறவன்தான். இரவு பத்தரைக்குக் கேஸ் கம்பெனி எதற்குச் செய்தி அனுப்புகிறது என்று யோசிக்க வீட்டு ஆண்களுக்குத் தோன்றுவதில்லை. நிறுவனத்துக்கு எந்த நேரமும் வர உரிமை உண்டல்லவா.

நேரத்தை ஒழுக்கத்தோடு முடிச்சுப் போடுவது நமக்குப் புதிதில்லை. உலகத்தில் வேறு எந்தக் கவிதையியலாவது பொழுதை இவ்வளவு கறாராகப் பங்கு பிரித்துக் கொடுத்திருக்கிறதா என்று நான் வியந்ததுண்டு. நாளை ஆறு சிறுபொழுதுகளாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் பத்து நாழிகை, அதாவது நான்கு மணி நேரம் என்று கொண்டார்கள். குறிஞ்சிக்கு யாமம், முல்லைக்கு மாலை, மருதத்துக்கு வைகறை. நம் கணக்கில் யாமம் என்பது இரவு பத்திலிருந்து இரண்டு மணி வரை. நாகரிகக் குறிப்புகள் பூட்டுப் போடும் அதே நான்கு மணி நேரத்தைத் தொல்காப்பியம் புணர்தலுக்குரிய பொழுதாக ஒதுக்கியிருக்கிறது. வைகறையை, இரண்டிலிருந்து ஆறு வரை, ஊடலுக்குக் கொடுத்திருக்கிறது. பரத்தை வீட்டிலிருந்து தலைவன் திரும்பி வந்து கதவுக்கு வெளியே நிற்கும் நேரம் அது.

வகுப்பில் இரவுக்குறியைச் சொல்லிக்கொடுக்கும்போது இந்தக் காலத்துப் பெண்களுக்கு அது எட்டாத ஒன்றாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. அவர்களுக்கு அது என்னைவிட நன்றாகவே புரிகிறது. பகற்குறி ஊருக்கு வெளியே, தலைவி அறிந்த இடத்தில் அமையும். இரவுக்குறியோ வீட்டின் எல்லைக்குள், வீட்டார் பேச்சு காதில் விழும் தொலைவில் அமைய வேண்டும் என்பது இலக்கணம். பாயில் படுத்தபடி, பக்கத்தில் தங்கை புரள, போர்வைக்குள் திரையின் ஒளியைக் குறைத்துக்கொண்டு தட்டச்சும் பெண்ணுக்கு இதற்கு உரை எழுத வேண்டுமா? இரவுக்குறிக்கு வரும் தடைகளைப் பிற்கால அகப்பொருள் இலக்கணங்கள் அடுக்கும்: தாய் தூங்கவில்லை, நாய் தூங்கவில்லை, ஊர் தூங்கவில்லை, காவலர் சுற்றிவருகிறார்கள், நிலா எறிக்கிறது, கூகை குழறுகிறது, கோழி கூவிவிட்டது. நிலா வெளிச்சத்துக்குப் பதில் திரை வெளிச்சம் என்று மாற்றிக்கொண்டால் போதும் என்று ஒரு மாணவி சொன்னாள். ஊர் தூங்கவில்லை என்பதற்குப் பச்சைப் புள்ளி என்றாள் இன்னொருத்தி.

ஆனால் வேறுபாடு இருக்கிறது, அதுதான் எனக்கு முக்கியம். அகப்பாட்டில் தலைவி தூங்காமல் இருக்கிறாள். ஊரெல்லாம் உறங்க அவள் மட்டும் விழித்திருப்பது சங்கக் கவிதையில் திரும்பத் திரும்ப வரும் நிலை. அலர் தூற்றும் ஊர் உண்டு, இற்செறிக்கும் தாய் உண்டு. இருந்தும் பாட்டு அவளைச் சந்தேகிப்பதில்லை. அவள் விழிப்புக்கு அவளே பொருள் சொல்கிறாள், நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இன்று ஒரு பெண் விழித்திருப்பதற்குப் பொருள் சொல்லும் வேலையை மற்றவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். அதற்கென்றே அவர்களிடம் ஒரு சொல் இருக்கிறது.

"தூங்கலையா?"

ஒற்றைச் சொல், ஒரு கேள்விக்குறி. திறனாய்வு செய்ய இதைவிடச் சிறிய பனுவல் கிடைக்காது. அம்மா கேட்டால் அது அக்கறை. தோழி கேட்டால் பேச்சுக்கு அழைப்பு. அதே சொல்லை உடன் வேலை செய்யும் ஒருவர், மேலதிகாரி, ஆராய்ச்சி நெறியாளர், என்றோ ஒரு கூட்டத்தில் எண் வாங்கியவர் இரவு பதினொன்றே முக்காலுக்கு அனுப்பும்போது அதற்குள் மூன்று செய்திகள் இருக்கின்றன. நீ விழித்திருப்பதைப் பார்த்துவிட்டேன் என்பது முதல் செய்தி. நீ விழித்திருப்பது விளக்கம் கேட்க வேண்டிய விஷயம் என்பது இரண்டாவது. நாம் இருவரும் இப்போது ஒரே இருட்டில் இருக்கிறோம் என்பது மூன்றாவது. கெட்ட வார்த்தை எதுவும் இல்லை. யாரிடமாவது காட்டிப் புகார் சொன்னால் "தூங்கலையான்னு கேட்டது ஒரு தப்பா?" என்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாதபடி அமைந்திருப்பதுதான் அதன் அமைப்புத் திறன்.

இதற்கு முன்னோடி ஒன்று உண்டு: காலை வணக்கப் படம். ஐந்தரை மணிக்கு ரோஜாப்பூ, ஆவி பறக்கும் காப்பி, முருகன், அப்துல் கலாமின் பெயரில் ஒரு பொன்மொழி. இந்தியர்கள் அனுப்பும் இந்தப் படங்களால் கைபேசிகளின் சேமிப்பிடம் நிரம்பி வழிவதைக் கூகுள் ஆராய்ந்ததாக 2018இல் அமெரிக்க நாளிதழ் ஒன்று எழுதியபோது எல்லோரும் சிரித்தோம். எனக்கும் சிரிப்பு வந்தது. என் பெரியப்பா அனுப்பும் முருகன் படத்தால் எனக்கு ஒரு நட்டமும் இல்லை. ஆனால் பல பெண்களுக்கு அந்தப் படம் ஒரு நுழைவுச் சீட்டின் மறுபாதி. முதல் மாதம் பூ. பிறகு "சாப்டாச்சா?" பிறகு "டிபி சூப்பர்". ஒருநாள் "தூங்கலையா?" முதல் பூவுக்கு மறுப்புச் சொல்ல வழியில்லாததால் கடைசிக் கேள்வி வரை கதவு திறந்தே கிடக்கிறது. காலைச் செய்தி அப்பாவி, இரவுச் செய்தி குற்றவாளி என்று நேரத்தை வைத்துப் பிரிப்பவர்கள் இந்தத் தொடர்ச்சியைத் தவறவிடுகிறார்கள்.

சட்டமும் கடிகாரத்தைப் பார்க்கிறது. என்ன பார்க்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 66ஆம் பிரிவில், காலை 6 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் பெண்களை வேலைக்கு அமர்த்தக் கூடாது என்றது. அதைச் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் தீர்ப்பளித்தது. இரவில் வேலை செய்ய உரிமை வேண்டும் என்று பெண்களே போய்க் கேட்டார்கள். இன்று எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண்கள் திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆலைகளில் இரவு ஷிப்ட் பார்க்கிறார்கள். அவர்களுக்கு இரவு இரண்டு மணி என்பது சாப்பாட்டு இடைவேளை. 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே ஒரு விடுதியில் சாப்பாடு நஞ்சாகி, கைபேசி ஆலைத் தொழிலாளர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். உடன் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று சொல்ல ஆளில்லை. சிலர் இறந்துவிட்டதாகச் செய்தி கைபேசிகளில் பரவியது. அது உண்மையில்லை என்று பிறகு தெரிந்தது. ஆனால் அந்த இரவில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஆயிரக்கணக்கான பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். விடுதிகளின் நிலை நாடு முழுக்கப் பேசப்பட்டது. நேரங்கெட்ட நேரத்தில் ஒருத்தி மற்றொருத்திக்கு அனுப்பிய செய்திகள்தான் அதற்குத் தொடக்கம். நாகரிகம் பார்த்துக் காலை எட்டு மணிவரை காத்திருக்க வேண்டும் என்று அவர்களிடம் யார் போய்ச் சொல்வது?

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் கேரளத்தில் நடந்தது இந்தப் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. கோழிக்கோடு மாவட்டம் சேளன்னூரில் ஒரு கல்லூரியின் பெண்கள் விடுதியில் முதலில் இரவு 10 முதல் காலை 6 வரை கைபேசிக்குத் தடை இருந்தது. 2019 ஜூனில் அதை மாற்றி, மாலை 6 முதல் இரவு 10 வரை கைபேசிகளை ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். படிக்கும் நேரமாம். பி.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்த ஃபஹீமா ஷிரின் மறுத்தார், விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார், உயர் நீதிமன்றத்துக்குப் போனார். பெண்கள் விடுதிக்கு மட்டும் ஏன் இந்த விதி என்பது அவர் எழுப்பிய கேள்விகளில் ஒன்று. 2019 செப்டம்பர் 19 அன்று நீதிபதி பி.வி. ஆஷா, இணையத்தை அணுகும் உரிமை கல்விக்கான உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று கூறி, அவரை மீண்டும் விடுதியில் சேர்க்க உத்தரவிட்டார். அந்தத் தீர்ப்பை இணைய உரிமைக்கான தீர்ப்பாகவே எல்லோரும் கொண்டாடுகிறோம். எனக்கு அது பொழுதைப் பற்றிய தீர்ப்பாகவும் படுகிறது. முதலில் பத்திலிருந்து ஆறு, அப்புறம் ஆறிலிருந்து பத்து. பூட்டப்பட்ட நேரம் எது என்பதில் நிர்வாகத்துக்கே உறுதியில்லை. ஒரு நேரமாவது பூட்டப்பட வேண்டும் என்பதில் மட்டும் உறுதி இருந்தது.

மறுபக்கம், 2025 பிப்ரவரியில் மும்பை திண்டோஷி அமர்வு நீதிமன்றம் ஒரு தண்டனையை உறுதிசெய்தது. முன்னாள் மாநகராட்சி உறுப்பினரான ஒரு பெண்ணுக்கு, முன்பின் அறியாத ஒருவர் 2016இல் இரவு 11 மணிக்கும் 12.30க்கும் இடையே வாட்ஸ்அப்பில் செய்திகள் அனுப்பினார். நீ ஒல்லியாக இருக்கிறாய், அழகாக இருக்கிறாய், உனக்குத் திருமணம் ஆகிவிட்டதா, உன்னை எனக்குப் பிடித்திருக்கிறது என்ற வகைச் செய்திகள், படங்கள். இவை ஆபாசம்தான் என்றது நீதிமன்றம். நல்லது. சொற்களைத் தனியே பிய்த்துப் பார்க்காமல் யார், யாருக்கு, எந்நேரத்தில் என்று சேர்த்துப் பார்த்தது அதைவிட நல்லது. ஆனால் காரணம் சொல்லும்போது, மணமான எந்தப் பெண்ணும், மதிப்புள்ள அவள் கணவனும் இதைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள் என்ற பொருளில் நீதிமன்றம் பேசியது. படித்ததும் கொஞ்சம் சோர்வாக இருந்தது. செய்தி வந்தது அவள் கைபேசிக்கு. பொறுப்பதும் பொறுக்காததும் அவள் பாடு. மணமாகாத, மதிப்பு என்று ஊர் ஏற்றுக்கொண்ட எதுவும் இல்லாத, விடுதி அறையில் இருக்கும் பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு இதே செய்தி வந்தால்? கணவனின் மானத்தை நடுவில் வைத்து எழுதப்பட்ட பாதுகாப்பு, கணவன் இல்லாதவளைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிடும்.

கிராமத்துப் பெண்ணை எந்நேரத்தில் தொந்தரவு செய்யலாம் என்று மணியைக் குறித்தே சொல்லும் விதி ஒன்றும் நம் நாட்டில் இருக்கிறது. தோழிகள் பலருக்கு இது வியப்பாக இருக்கலாம். அது கடன் வசூலுக்கான விதி. ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் வெளியிட்ட நுண்கடன் நெறிமுறைகளின்படி காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் கடன் வாங்கியவரை அழைப்பது கடுமையான வசூல் முறை, அது கூடாது. மற்றக் கடன்களுக்கு அதே ஆண்டு ஆகஸ்டில் காலை 8 முதல் மாலை 7 வரை என்று வைத்தார்கள். விளம்பரக்காரர்களுக்கும் 2010இலேயே இரவு 9 முதல் காலை 9 வரை அழைக்கவோ குறுஞ்செய்தி அனுப்பவோ கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் விதி செய்தது. வீட்டுவாசலில் வந்து கத்துவதைத் தடுக்கத் தமிழ்நாடு 2025இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது.

காகிதத்தில் இப்படி. எங்கள் தெருவில் குழுக் கடன் வாங்கிய பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். தவணை நாளுக்கு முந்தின இரவு ஒன்பதரைக்குக் குழுவில் செய்தி வரும். விடிகாலையில் குரல்பதிவு வரும். அனுப்புகிறவன் பல நேரம் வசூல்காரனே இல்லை, குழுத் தலைவி. அவளும் பக்கத்து வீட்டுக்காரிதான். அவளுக்கு மேலிருந்து நெருக்கடி. விதி வசூல்காரனைத்தான் கட்டும். பக்கத்து வீட்டுக்காரியைக் கட்டாது. ஆகவே நெருக்கடி அவள் கைபேசி வழியாக இறங்குகிறது. ஒரு பெண்ணின் இரவை மற்றொரு பெண்ணைக் கொண்டே கலைப்பது எவ்வளவு செலவு குறைந்த ஏற்பாடு. இந்தச் செய்தி வரும்போது மட்டும் வீட்டு ஆண்கள் "யாரு இந்நேரத்துல?" என்று கேட்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பணம் கேட்டு வரும் செய்தி எந்நேரத்தில் வந்தாலும் குடும்பப் பெண்ணுக்கு ஏற்றதுதான் போலும்.

வேலை முடிந்த பின் மேலதிகாரியின் செய்திக்குப் பதில் சொல்லாமலிருக்கும் உரிமையை ஃபிரான்சு 2017இலும் ஆஸ்திரேலியா 2024இலும் சட்டமாக்கின. நம் நாடாளுமன்றத்தில் சுப்ரியா சுலே தனிநபர் மசோதாவாக அதைக் கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. ஆனாலும் அதன் மொழி எனக்குப் பிடித்திருக்கிறது. எப்போது அனுப்பலாம் என்று அனுப்புகிறவரின் நல்லியல்பைப் பற்றிப் பேசாமல், பெறுகிறவர் மறுத்தால் அவருக்குத் தீங்கு வரக் கூடாது என்று பேசுகிறது. இந்த இடத்தில்தான் நான் மறுபடி மருதத்துக்குப் போகிறேன்.

தலைவனுக்காகத் தலைவியிடம் தூது வருபவர்களை அகமரபு வாயில்கள் என்கிறது. தோழி, பாணன், பார்ப்பான், விறலி, விருந்தினர் என்று தொல்காப்பியம் பன்னிருவரைச் சொல்கிறது. அவர்களை உள்ளே விட மறுப்பதற்கு வாயில் மறுத்தல் என்று தனித் துறையே இருக்கிறது. மறுப்பு என்றால் மௌனமில்லை. தலைவியோ தோழியோ வாய் திறந்து, காரணம் சொல்லி, கேலி செய்து, நீ யார் வீட்டிலிருந்து வருகிறாய் என்பது எனக்குத் தெரியும் என்று சொல்லி மறுக்கிறார்கள். மருதப் பாட்டுகளில் சுவையானவை பல இந்த மறுப்பிலிருந்து பிறந்தவை. இரவுக்குறியிலும் அப்படியே. இனி இரவில் வராதே, வரைந்துகொள் என்று தோழி நேருக்கு நேர் சொல்லிவிடுகிறாள்.

இதைப் பொற்காலமாகக் காட்ட நான் வரவில்லை. ஊடல் நீள அளவு உண்டு, கடைசியில் கதவு திறந்தே ஆக வேண்டும். இரவுக்குறி மறுப்பும் திருமணத்தை நோக்கிய தள்ளல்தான். பரத்தைக்கு மூடிக்கொள்ளக் கதவே தரப்படவில்லை. எழுதியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். இத்தனையும் தெரிந்தும், மறுப்பதற்கு ஒரு மொழியும், அதைச் சொல்ல ஒரு தோழியும் அங்கே இருந்ததை என்னால் எளிதில் தள்ளிவிட முடியவில்லை.

கைபேசி வாயில்களை ஒழித்துவிட்டது. அனுப்புகிறவன் நேரே படுக்கை வரை வந்துவிடுகிறான். தோழி நின்ற இடத்தில் அண்ணன் நிற்கிறான். மறுப்பதற்கு நம்மிடம் எஞ்சியிருப்பது மௌனமும் பிளாக்கும். மௌனத்தைச் சம்மதமாகப் படிப்பார்கள். பிளாக் செய்தால் திமிர் என்று படிப்பார்கள். அதே ஆள் மறுநாள் அலுவலகத்தில் எதிர் மேசையில் உட்கார்ந்திருப்பான். 2014இல் வாட்ஸ்அப்பில் நீல டிக் வந்தது. படித்துவிட்டுச் சும்மா இருப்பதே ஒரு பதிலாக மாறியது அன்றிலிருந்துதான். ஆன்லைனில் இருப்பதை மறைக்கும் வசதியை அறிவிக்க 2022 ஆகஸ்டு வரை ஆயிற்று. எட்டு ஆண்டுகளாகப் பெண்கள் விமான முறையில் போட்டுவிட்டுச் செய்தி படித்துக்கொண்டிருந்தார்கள். மறைத்த பிறகோ, "ஏன் மறைச்சு வெச்சிருக்க?" என்ற கேள்வி வீட்டில் வந்தது.

நம்மவர்களும் இதற்குத் தரும் விடை பெரும்பாலும் ஒரே விடை. இரவில் போனை அணைத்துவிடு, மியூட் போடு, டேட்டாவை நிறுத்து. பெண்ணியக் கூட்டங்களிலேயே இதைக் கேட்டிருக்கிறேன். அலுப்பில் சொல்வது புரிகிறது. ஆனால் எட்டு மணிக்கு மேல் வெளியே போகாதே என்று பாட்டி சொன்னதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. யாமம் நமக்கும் வேண்டும். படிக்கவும், எழுதவும், தூக்கம் வராமல் கிடக்கவும், யாரையாவது நினைத்து அவருக்கு ஒரு வரி அனுப்பவும் வேண்டும். தொந்தரவு செய்கிறவனுக்காக நாம் இருட்டை விட்டுக்கொடுத்தால், நமக்கு மிஞ்சுவது சேறும் மாவுமாக இருக்கும் பகல்.

இந்த ஆண்டு வாயில் மறுத்தல் பாடம் முடிந்ததும், "தூங்கலையா?" என்ற செய்திக்கு ஒரு மறுப்பு எழுதச் சொன்னேன். தலைவி கூற்றாகவோ தோழி கூற்றாகவோ எழுதலாம், எட்டு வரிக்கு மேல் போகக் கூடாது. எல்லோரும் தோழி கூற்றாகவே எழுதியிருந்தார்கள். ஒருத்தி எழுதியிருந்ததை அவள் அனுமதியோடு சொல்கிறேன்: அவள் தூங்கிவிட்டாள், அவள் போன் என்னிடம் இருக்கிறது, நான் தூங்கவில்லை, என்ன வேண்டும் சொல்லுங்கள் சார். வகுப்பு வெகுநேரம் சிரித்தது. "சார்" என்று ஏன் போட்டாய் என்று நான் கேட்கவில்லை. மற்றவர்களும் கேட்கவில்லை.

தொண்டூர் மலையில் சமணப் படுக்கைகளுக்கு அருகே தமிழ் பிராமியில் ஒரு வரி வெட்டியிருக்கிறது. ஏவியவர் பெயரும் செய்தவர் பெயரும் அதில் உண்டு. யாருக்கு என்று இல்லை, எந்நேரம் என்றும் இல்லை. வழியில் போகிற எவரும் எப்போது வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். அந்த மலையைத் தாண்டி விடிகாலையில் பால் சொசைட்டிக்குப் போகும் பெண்களில் ஒருத்தி, வரிசையில் கேனை வைத்துவிட்டு, தினமும் ஐந்தே காலுக்குத் தன் மகளுக்குக் குரல்பதிவு அனுப்புகிறாள். மகளுக்கு ஆலையில் இரவு ஷிப்ட். ஐந்தரைக்கு இடைவேளையில் கேட்டுவிட்டு மகள் பதில் அனுப்புவாள். அவர்களுக்கு வேறு நேரம் ஒத்துவருவதில்லை. என்ன பேசிக்கொள்வீர்கள் என்று கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா, மாடு எவ்ளோ கறந்துதுன்னு சொல்லுவேன். அவ கால் வலிக்குதுன்னு சொல்லுவா."